பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?
அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து நியமனங்கள் குறித்து

1. கேள்வி

2018 தொடக்கத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத் தொகுதியின் தலைமை நிர்வாகியான வேந்தர் ஜான் ஷார்ப், புதிதாக வந்து சேர்ந்த கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷருக்கு ஒரு நினைவுப் பலகையைப் பரிசளித்தார். தேசிய சாம்பியன் பட்டத்தைக் குறிக்கும் பலகை அது. ஆண்டைப் பொறிக்க வேண்டிய இடத்தில் 20 என்ற முதல் இரண்டு இலக்கங்கள் மட்டும் இருந்தன. மற்ற இரண்டுக்கும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. ஃபிஷர் அந்தப் பல்கலைக்கழகத்துக்காக அதுவரை ஒரு போட்டியில்கூட அணியை இறக்கியிருக்கவில்லை. கையெழுத்தாகியிருந்தது ஒப்பந்தம் மட்டும்தான்: பத்து ஆண்டுகள், 7.5 கோடி டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். 2023 நவம்பர் 12 அன்று அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். நீக்கியதற்காக அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 7.6 கோடி டாலருக்கும் மேல். ஆறு பருவங்கள் வேலை வாங்கிய பிறகும், முதல் ஒப்பந்தத்தின் மொத்தத்தைவிடக் கூடுதலாகவே பாக்கி நின்றது.

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் பல்கலைக்கழகப் போட்டிகளுக்குத் திரளும் கூட்டம் நமக்கு நம்பக் கடினமானது. ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்ட் அரங்கில் 1,02,000 பேருக்கு மேல் அமரலாம். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அரசு ஊதியப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநரோ மருத்துவக் கல்லூரி முதல்வரோ இல்லை. கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்.

இதே பல்கலைக்கழகம் ஓர் உதவிப் பேராசிரியரை நியமிப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விளம்பரம் வெளியாகும். துறைக்குழு விண்ணப்பங்களைச் சலிக்கும். மூன்று நான்கு பேரை வளாகத்துக்கு அழைத்து உரையாற்றச் சொல்வார்கள். பரிந்துரைக் கடிதங்களை ஒருவருக்கு மேற்பட்டோர் படிப்பார்கள். இதற்கெல்லாம் பல மாதங்கள் பிடிக்கும். அந்தப் பேராசிரியரைவிடப் பல மடங்கு ஊதியம் பெறப்போகும் பயிற்சியாளரோ பெரும்பாலும் சில நாள்களில் முடிவாகிவிடுகிறார். பெரிய தொகைக்குச் சிறிய விசாரணையும் சிறிய தொகைக்குப் பெரிய விசாரணையும் என்ற இந்தத் தலைகீழ் எப்படி உருவானது, யாருக்குப் பயன்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெரும் கால்பந்து அணிகளை நடத்தும் பல்கலைக்கழகங்களையே, குறிப்பாக மாநில அரசுப் பல்கலைக்கழகங்களையே, முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

2. ஸ்டாக் முதல் ஷெரில் வரை

தொலைக்காட்சிப் பணம் வந்து கல்லூரி விளையாட்டைக் கெடுத்தது என்பது பரவலான விளக்கம். வரிசை அப்படி இல்லை. 1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோதே அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற இளைஞரைப் பயிற்சியாளராக அழைத்துவந்தார். நிரந்தரப் பணிப் பாதுகாப்புடன் இணைப் பேராசிரியர் பதவி கொடுத்தார். புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் நாடெங்கும் தெரிய ஓர் அணி வேண்டும் என்பதை ஹார்ப்பர் மறைக்கவில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த வடிவம் கவனிக்கத்தக்கது. பயிற்சியாளர் ஆசிரியர் குழுவுக்குள் வைக்கப்பட்டார். தோற்றால் வெளியே அனுப்ப முடியாது. ஸ்டாக் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். எழுபது வயதில் ஓய்வு விதியைக் காட்டித்தான் அவரை அனுப்ப முடிந்தது. சில ஆண்டுகளில், 1939இல், ராபர்ட் ஹட்சின்ஸ் தலைமையில் சிகாகோ கால்பந்தையே கைவிட்டது.

நிலைத்தது வேறொரு மரபு. 1905இல் ஹார்வர்ட், தன் முன்னாள் மாணவர் பில் ரீடை 7,000 டாலருக்குப் பயிற்சியாளராக அமர்த்தியது. அங்கிருந்த எந்தப் பேராசிரியரும் அவ்வளவு வாங்கவில்லை. 1869 முதல் தலைவராக இருந்த சார்லஸ் எலியட்டின் ஊதியத்தையே அது நெருங்கியது. அதில் பாதியைக் கொடுத்தவர்கள் முன்னாள் மாணவர்கள். நியமன ஆணை பல்கலைக்கழகத்தின் பெயரில், பணத்தில் ஒரு பகுதி வெளியிலிருந்து என்ற ஏற்பாட்டின் ஆரம்பகாலத் தெளிவான எடுத்துக்காட்டு இது. 1929இல் கார்னெகி அறக்கட்டளை வெளியிட்ட விரிவான அறிக்கை, தொழில்முறைப் பயிற்சியாளரையும் அவருக்குப் பின்னால் நிற்கும் முன்னாள் மாணவர் பணத்தையும் கண்டித்தது. பத்திரிகைகள் சில நாள் பரபரப்பாக எழுதின. நடைமுறை மாறவில்லை.

1982 ஜனவரியில் மீண்டும் டெக்சஸ் ஏ அண்ட் எம். பதவியில் ஒரு பயிற்சியாளர் இருக்கும்போதே, ஆட்சிக்குழுத் தலைவர் பம் பிரைட் தலைமையில் சிலர் மிச்சிகனின் போ ஷெம்பெக்லருக்கு வலை வீசினார்கள். அவர் மறுத்ததும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஜாக்கி ஷெரில் வந்தார். ஆண்டுக்கு 2.8 லட்சம் டாலருக்கு மேல், ஆறு ஆண்டுகள். பயிற்சியாளர் பதவியோடு விளையாட்டுத் துறை இயக்குநர் பதவியும் சேர்த்து. பல்கலைக்கழகத் தலைவர் ஃபிராங்க் வாண்டிவர் இதில் ஓரங்கட்டப்பட்டார். நாடே அதிர்ந்து விவாதித்த ஊதியம் அது. கல்லூரிக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமையில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு வைத்திருந்த ஏகபோகத்தை உச்ச நீதிமன்றம் உடைத்தது 1984இல்தான். ஆக, ஊதியத்தின் இந்தப் பாய்ச்சல் தொலைக்காட்சி வெள்ளத்துக்கு இரண்டு ஆண்டு முந்தையது. அதை நடத்தியவர்கள் டெக்சஸின் வசதி படைத்த முன்னாள் மாணவர்கள். பின்னால் வந்த தொலைக்காட்சிப் பணம் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டது, பழக்கத்தைப் பெற்றெடுக்கவில்லை.

ஷெரில் 1985 முதல் 1987 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தன் மாநாட்டின், அதாவது பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பின், பட்டத்தை வென்றார். விதிமீறல்களுக்காக அணி தண்டனைக்குள்ளான பின்னணியில் 1988இல் வெளியேறினார். இவ்விரண்டில் எது அந்த நியமனத்தின் விளைவு என்று கேட்டால், இரண்டும்தான்.

3. மாற்றினால் மாறுமா?

பயிற்சியாளரை மாற்றினால் அணி முன்னேறுமா என்ற கேள்வியைச் சமூகவியலாளர்கள் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். 1963இல் ஆஸ்கர் கிரஸ்கி பேஸ்பால் அணிகளை ஆராய்ந்து, மேலாளரை அடிக்கடி மாற்றும் அணிகளே மோசமாக ஆடுகின்றன என்றார். மாற்றம்தான் குலைவுக்குக் காரணம் என்பது அவர் சாய்வு. அடுத்த ஆண்டே காம்சனும் ஸ்காட்ச்சும் மறுத்தார்கள். அவர்கள் பார்வையில் மேலாளரால் பெரிதாக நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. தோல்வியின் பதற்றத்தைத் தணிக்க ஒருவரைப் பலியிடுகிறார்கள்; அது ஒரு சடங்கு.

கல்லூரிக் கால்பந்துக்கு இந்த விவாதத்தை நேரடியாகக் கொண்டுவந்தது ஆட்லர், பெர்ரி, டொஹர்ட்டி மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு. பயிற்சியாளரை மாற்றிய அணிகளை, ஏறத்தாழ அதே நிலையில் இருந்தும் மாற்றாத அணிகளோடு இணைவைத்து ஒப்பிட்டார்கள். மிக மோசமாக ஆடிக்கொண்டிருந்த அணிகளுக்கு மாற்றத்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. நடுத்தரமாக ஆடிக்கொண்டிருந்தவை மாற்றிய பிறகு, மாற்றாத இணைகளைவிடப் பின்தங்கின. அடிமட்டத்துக்குப் போன அணி எப்படியும் சற்று மேலே வரும். புதியவர் வந்த ஆண்டில் அது நிகழ்ந்தால் பெருமை அவருக்குப் போகிறது.

இதற்கு எதிரே வைக்கப்படும் வாதமும் வலுவானதே. சராசரி எதைச் சொன்னாலும், நிக் சேபன் போன்ற ஒருவர் கிடைத்தால் பல்கலைக்கழகமே மாறிவிடும் என்கிறார்கள். 2007இல் அவர் அலபாமாவுக்கு வந்தபோது மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 25,000. 2024 ஜனவரியில், அங்கே வென்ற ஆறு தேசியப் பட்டங்களோடு அவர் ஓய்வுபெற்றபோது அது வெகுவாகப் பெருகியிருந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் அலபாமா, கூடுதல் கட்டணம் செலுத்தும் வெளிமாநில மாணவர்களைத் திட்டமிட்டு, உதவித்தொகை கொடுத்து ஈர்த்தது. எவ்வளவு பங்கு கால்பந்துக்கு, எவ்வளவு சேர்க்கை அலுவலகத்துக்கு என்று பிரித்துக் காட்டுவது எளிதில்லை. ஆட்சிக்குழுக் கூட்டங்களில் யாரும் பிரித்துக் கேட்பதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேபன் அலபாமாவின் முதல் தேர்வு இல்லை. 2006 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ரிச் ரொட்ரிகெஸிடம் பேசி, அவர் மறுத்த பிறகே விளையாட்டுத் துறை இயக்குநர் மால் மூர், சேபன் அப்போது பயிற்சியாளராக இருந்த மயாமிக்கு விமானம் ஏறினார். அதற்கு முந்தைய நான்காண்டுகளில் அங்கே ஒரு பயிற்சியாளர் தானே விலகிப் போனார், ஒருவர் ஒரு போட்டிகூட நடத்துமுன் நீக்கப்பட்டார், மூன்றாமவர் நான்கு பருவங்களில் அனுப்பப்பட்டார். இந்த வரிசையில் வந்த நான்காவது பெயரைத்தான் இன்று தேடலின் வெற்றிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் அப்படியொரு பரிசுச் சீட்டு விழும் என்று எண்ணித்தான் பணம் கட்டுகின்றன.

4. தேடல் நடக்கும் விதம்

காகிதத்தில் அதிகாரம் தெளிவாக இருக்கிறது. விளையாட்டுத் துறை இயக்குநர் பரிந்துரைப்பார், பல்கலைக்கழகத் தலைவர் ஏற்பார், ஆட்சிக்குழு ஒப்புதல் தரும். நடைமுறையில் இந்த மூவருக்கும் இடையிலும் வெளியிலும் வேறு சிலர் நிற்கிறார்கள்.

முதலாவது, நாள்காட்டி. உயர்நிலைப் பள்ளி வீரர்கள் பல்கலைக்கழகங்களோடு கையெழுத்திடும் காலம் முன்பு பிப்ரவரியில் இருந்தது. 2017 முதல் டிசம்பரிலும் ஒரு கையெழுத்துக் காலம் வந்தது. பெரும்பாலான வீரர்கள் அதற்கே நகர்ந்துவிட்டார்கள். 2021இல் வீரர்கள் ஒருமுறை தடையின்றி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்றானது. பயிற்சியாளர் இல்லாத ஒவ்வொரு வாரமும் வீரர்கள் கழன்றுகொள்ளும் வாரம். அதனால் பருவம் முடியுமுன், அக்டோபரிலேயே நீக்குகிறார்கள்; நவம்பர் கடைசியில் புதியவரை அறிவிக்கிறார்கள். வெற்றிகரமான பயிற்சியாளரோ அப்போது இன்னொரு அணியோடு இன்னும் ஆடிக்கொண்டிருப்பார். ஆகவே பேச்சு ரகசியமாக நடந்தாக வேண்டும், மறுப்பும் பொய்யாக இருந்தாக வேண்டும். தான் அலபாமாவுக்குப் போவதாக இல்லை என்று சேபன் செய்தியாளர்களிடம் சொல்லி இரண்டு வாரம் நிறையுமுன், 2007 ஜனவரி 3 அன்று, டஸ்கலூசா விமான நிலையத்தில் கூட்டம் அவரை வரவேற்றது. சேபன் இல்லாமல் திரும்புவதானால் விமானத்தைக் கியூபாவுக்கு ஓட்டிவிடுங்கள் என்று மூர் விமானிகளிடம் சொன்னதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. வேடிக்கையாகச் சொல்லப்படும் அந்தக் கதையில், தோற்றால் தனக்கு என்ன ஆகும் என்ற இயக்குநரின் கணக்கு ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது, தேடல் நிறுவனங்கள். பார்க்கர் எக்ஸிக்யூட்டிவ் சர்ச், கார்ன் ஃபெரி, டர்ன்கீ போன்றவை இதற்கென்றே கட்டணம் வாங்குகின்றன. யார் நல்ல பயிற்சியாளர் என்பதை அறிய இயக்குநருக்கு இவர்கள் தேவையில்லை. பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவையே. நிறுவனம் விற்பது இடைவெளியை. முகவரை அழைத்து விருப்பம் கேட்பது நிறுவனம். எனவே இயக்குநர் தான் எந்தப் பயிற்சியாளரோடும் பேசவில்லை என்று நேர்மையாகவே சொல்லிக்கொள்ளலாம். அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைத் தகவல் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். தனியார் நிறுவனத்தின் குறிப்பேட்டைப் பல மாநிலங்களில் அப்படிப் பெற முடியாது. நியமனம் பொய்த்தால் நிபுணர்களைக் கேட்டுத்தான் செய்தோம் என்று சொல்ல ஒரு பெயரும் கிடைக்கிறது. ரகசியத்தைக் குலைப்பவர்கள் ரசிகர்கள்தான். எந்தத் தனி விமானம் எந்த ஊரில் இறங்கியது என்று இணையத்தில் கண்காணித்து, பல்கலைக்கழகம் அறிவிக்குமுன் அவர்கள் அறிவித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, முகவர்கள். ஜிம்மி செக்ஸ்டன் என்ற ஒரே முகவர் சேபனுக்கும் ஃபிஷருக்கும் லேன் கிஃபினுக்கும் இன்னும் பல முன்னணிப் பயிற்சியாளர்களுக்கும் பேசுபவர். காலியான பதவிக்குப் பெயர் சொல்பவரும், அந்தப் பெயர் போட்டியாகக் காட்டப்படுவதால் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஊதிய உயர்வு பெறுபவருக்கு வாதாடுபவரும் ஒருவராகவே இருக்கலாம். சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் சந்தை இந்த விலையைத் தீர்மானித்தது என்று இயக்குநர்கள் சொல்லும்போது அந்தச் சந்தையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இத்தனை அவசரத்தில் விடுபட்டுப்போவது விசாரணை. 2001 டிசம்பரில் நோட்டர் டாம் பல்கலைக்கழகம் ஜார்ஜ் ஒலீரியை நியமித்தது. நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த செய்தியாளர் ஒருவர், நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர் பெரிய பதவிக்குப் போகிறாரே என்று ஒரு சாதாரணச் செய்திக்கட்டுரை எழுத அவருடைய பழைய அணித் தோழர்களைத் தொலைபேசியில் அழைத்தார். ஒருவருக்கும் அவரை ஆடுகளத்தில் பார்த்த நினைவில்லை. தன்விவரத்தில் சொல்லியிருந்தபடி அவர் அங்கே ஆடியிருக்கவில்லை. முதுகலைப் பட்டமும் பெற்றிருக்கவில்லை. ஐந்தே நாளில் பதவி விலகினார். அந்த வரிகள் அதற்கு முன் பல ஆண்டுகள், பல வேலைகளில் யாராலும் சரிபார்க்கப்படாமல் கூடவே வந்தவை. இதன் பிறகும் பாடம் படிந்ததாகத் தெரியவில்லை. 2013இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தன் முன்னாள் வீரர் எடி ஜோர்டனைக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக்கி, தன் பட்டதாரி என்றே அறிமுகம் செய்தது. அவர் பட்டப்படிப்பை முடித்திருக்கவில்லை. சரிபார்க்க அந்தப் பல்கலைக்கழகம் வெளியே எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

முடிவு யார் கையில் என்பது ஏற்பாடு உடையும்போதுதான் வெளியே தெரியும். 2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, டென்னஸி பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் ஜான் கரி, கிரெக் ஷியானோவைப் பயிற்சியாளராக்க அவரோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். செய்தி கசிந்த சில மணி நேரத்தில் ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். வளாகத்தில் மாணவர்கள் வண்ணம் பூசி வாசகம் எழுதும் பெரிய பாறையில் எதிர்ப்பு எழுதப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர்கள் கண்டித்தார்கள். அவர்கள் காட்டிய காரணம், பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பாலியல் குற்ற வழக்கில், அந்தக் குற்றம் ஷியானோவுக்குத் தெரிந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன் என்று ஒருவர் சொன்ன சாட்சியம். ஷியானோ அதை மறுத்திருந்தார், அது நிரூபிக்கப்படவும் இல்லை. அவருடைய வெற்றிக் கணக்கு பிடிக்காதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அன்றிரவே ஏற்பாடு கைவிடப்பட்டது. வளாகத் தலைவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கவே இல்லை. வேறு பயிற்சியாளர்களைத் தேடி அலைந்த கரி டிசம்பர் 1 அன்று பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அவர் இடத்தில் அமர்ந்தவர் அதே அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஃபிலிப் ஃபுல்மர். ஃபுல்மர் தேர்ந்தெடுத்த ஜெரமி புரூயிட், வீரர் சேர்ப்பு விதிமீறல்களுக்காக 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். ரசிகர்கள் தடுத்தது சரியா தவறா என்பதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. இயக்குநரின் கையெழுத்துக்கு ஒரு பிற்பகல் நேர மதிப்புதான் இருந்தது என்பது போதும்.

5. ஒப்பந்தம் யாருக்காக எழுதப்படுகிறது?

ஃபிஷர் ஒப்பந்தத்தைச் சற்று நெருங்கிப் படிக்கலாம். 2017இல் அவர் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் இருந்தார். 2013 பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்றவர், ஆனால் அந்த ஆண்டு அவர் அணி சரிந்துகொண்டிருந்தது. அப்போது ஏ அண்ட் எம்மின் இயக்குநராக இருந்தவர் ஸ்காட் உட்வர்ட். அவர் ஒப்புக்கொண்ட ஆவணத்தில் இரண்டு வழக்கமான பாதுகாப்புகள் இல்லை. நீக்கப்பட்ட பயிற்சியாளர் வேறு வேலை தேட முயல வேண்டும் என்பது ஒன்று. வேறு வேலையில் கிடைக்கும் ஊதியத்தைப் பாக்கியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டும் இல்லாததால், நீக்கப்பட்ட மறுநாளே இன்னொரு பல்கலைக்கழகத்தில் கோடிகளுக்குச் சேர்ந்தாலும் ஏ அண்ட் எம் ஒரு டாலரும் குறைக்க முடியாது.

2020இல் அணி ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி என்று நாட்டில் நான்காம் இடத்தில் முடித்தது. உட்வர்ட் அதற்குள் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, அதாவது எல்.எஸ்.யு.வுக்கு, மாறியிருந்தார். அவர் ஃபிஷரை அங்கே அழைத்துக்கொள்ளக்கூடும் என்ற பேச்சும் இருந்தது. 2021 செப்டம்பரில் ஏ அண்ட் எம் ஆட்சிக்குழு ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டி, ஆண்டு ஊதியத்தை 90 லட்சம் டாலருக்கு மேல் உயர்த்தியது. மீதமிருந்த ஆறேழு ஆண்டுக் கடப்பாடு பத்தாண்டாக நீண்டது இப்படித்தான். 2023இல் அவர் வெளியேறியபோது மொத்தக் கணக்கு 45 வெற்றி, 25 தோல்வி. அறுபது நாளுக்குள் 1.9 கோடி டாலர், பிறகு 2031 வரை ஆண்டுதோறும் 72 லட்சம் என்று பாக்கி பிரிக்கப்பட்டது. நன்கொடை அமைப்பான ட்வெல்த் மேன் ஃபவுண்டேஷனின் நிதியிலிருந்தும் விளையாட்டுத் துறை வருவாயிலிருந்தும் கொடுப்போம், கல்விப் பணம் தொடப்படாது என்று விளக்கம் தரப்பட்டது.

இந்த விளக்கத்தைப் பொய் என்று ஒதுக்க முடியாது. முழுமை என்றும் கொள்ள முடியாது. ஆண்டுக்கு 72 லட்சம் டாலர் விளையாட்டுத் துறையிலிருந்து போகும்போது அந்தத் துறையால் செய்ய முடியாமல் போவது எது என்ற கேள்வி அதில் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு பொருளின் விலையாக இந்தத் தொகையைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நன்கொடையாளருக்கும் பள்ளி வீரர்களுக்கும் காட்டப்படும் அறிவிப்பாகப் பார்த்தால் அதற்கு ஓர் ஒழுங்கு வருகிறது. நாங்கள் பட்டத்துக்குத்தான் ஆடுகிறோம், பயிற்சியாளர் எங்கும் போகமாட்டார் என்ற செய்திக்கு நீண்ட, உடைக்க முடியாத ஒப்பந்தம்தான் நம்பத்தக்க ஆதாரம். உடைக்க வேண்டிவந்தால் ஆகும் செலவு, கையெழுத்திட்டவர் தலையில் விழுவது அரிது. அவர் பெரும்பாலும் அதற்குள் வேறு ஊரில் இருப்பார்.

6. பட்டியலுக்கு வராதவர்கள்

மூடிய தேடல் யாரை விட்டுவிடுகிறது? 2003 மே மாதம் அலபாமா அவசரமாக ஒரு பயிற்சியாளரைத் தேடியபோது இறுதிப் பட்டியலில் இரண்டு முன்னாள் மாணவர்கள் முன்னே நின்றார்கள். சில்வெஸ்டர் க்ரூம், அலபாமாவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பேர் பிரையன்ட்டின் கீழ் ஆடியவர், கல்லூரியிலும் தொழில்முறை அணிகளிலுமாக ஏறத்தாழ கால் நூற்றாண்டு துணைப் பயிற்சியாளராக இருந்தவர், கறுப்பர். மைக் ஷூலா, முப்பத்தேழு வயது, புகழ்பெற்ற பயிற்சியாளர் டான் ஷூலாவின் மகன், வெள்ளையர். இருவருமே அதுவரை தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஷூலாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிசிசிப்பி ஸ்டேட் க்ரூமை நியமித்தது. தென்கிழக்கு மாநாட்டின் எழுபது ஆண்டு வரலாற்றில் கால்பந்தின் முதல் கறுப்புத் தலைமைப் பயிற்சியாளர் அவர். வீரர்களில் பெரும்பங்கினர் கறுப்பர்களாகிப் பல காலம் ஆகியிருந்தது.

ஆரெகன் மாநிலம் 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பல்கலைக்கழகங்கள் தலைமைப் பயிற்சியாளரை நியமிக்குமுன் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காண வேண்டும். 2020இல் மேற்குக் கடற்கரை மாநாடு, கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸலின் பெயரால் இதையொத்த விதியை வகுத்தது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் இவை விதிக்கும் கடமை நேர்காணல் என்ற கட்டத்தில் வருகிறது. பெரும் கால்பந்து நியமனங்களில் தீர்மானம் முகவரோடான முதல் தொலைபேசிப் பேச்சிலேயே நடந்து முடிகிறது. ஒரே பெயருள்ள பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்ப்பதால் தேடல் நடந்ததாகிவிடாது.

பெண்கள் நிலை இதைவிட விசித்திரம். அகோஸ்டா, கார்ப்பென்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து எடுத்த கணக்கின்படி, 1972இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். 2014இல் 43 விழுக்காடு சொச்சம். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் வந்த ஆண்டுதான் அந்த 1972. பெண்கள் அணிகளுக்குப் பணமும் மதிப்பும் வந்தன. பெண்கள் நடத்திவந்த தனித்துறைகள் ஆண் இயக்குநர்களின் கீழ் இணைக்கப்பட்டன. பயிற்சியாளர் வேலை ஆண்களுக்கும் விரும்பத்தக்கதானது. தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மாறியதும் தேர்ந்தெடுக்கப்படுபவரும் மாறினார்.

7. எதிர்ச் சான்றுகள்

இதுவரை சொன்னதற்கு ஒத்துவராத நியமனங்களும் உண்டு. 2008 அக்டோபரில் கிளெம்சன், பருவத்தின் நடுவே விலகியவருக்குப் பதிலாக டாபோ ஸ்வினி என்ற துணைப் பயிற்சியாளரைத் தற்காலிகமாக உட்காரவைத்தது. அணியின் தாக்குதலையோ தடுப்பையோ அதுவரை தலைமையேற்று நடத்தியிராதவர். சில ஆண்டுகளுக்கு முன் வணிக நில, கட்டடத் தொழிலில் இருந்தவர். அவரையே நிரந்தரமாக்கினார்கள். 2016, 2018 பருவங்களில் இரண்டு தேசியப் பட்டங்கள் வந்தன.

2023 நவம்பரில் இண்டியானா பல்கலைக்கழகம் கர்ட் சிக்னெட்டியை அழைத்தது இன்னும் பொருத்தமான உதாரணம். சேபனின் அலபாமாவில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர், 2011இல் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு பென்சில்வேனியாவின் ஒரு சிறிய இரண்டாம் நிலை அணிக்குத் தலைமையேற்கப் போனவர். அங்கிருந்து எலான், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகங்களுக்கு. போன இடமெல்லாம் வென்றார். பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை அறுபத்திரண்டு வயது வரை கண்டுகொள்ளவில்லை. இண்டியானாவோ வரலாற்றில் அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளில் ஒன்று. சிக்னெட்டியின் ஊதியம் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர். முந்தைய பயிற்சியாளரை அனுப்ப மட்டும் 1.55 கோடி ஆகியிருந்தது. 2024இல் பதினொரு வெற்றி, 2025இல் மாநாட்டுப் பட்டம். தலைமைப் பயிற்சியாளராகப் பதின்மூன்று பருவங்களின் கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்தது. படிக்கத் துணிந்தது ஒரே ஒரு பல்கலைக்கழகம். இரண்டு ஆண்டுக்குள் அவர் ஊதியமும் 1.1 கோடியைத் தாண்டிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மலிவாக வாங்கியவர்கள் விலையுயர்ந்த ஒப்பந்தத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

மறுமுனையில் வட கரோலினா. 2024 டிசம்பரில் அது எழுபத்திரண்டு வயது பில் பெலிச்சிக்கை அழைத்தது. தலைமைப் பயிற்சியாளராக, தொழில்முறைக் கால்பந்தின் பட்டமான சூப்பர் பவுலை ஆறு முறை வென்றவர், கல்லூரி அணி எதிலும் பணியாற்றாதவர். அறங்காவலர் குழுத் தலைவரின் விருப்பமே இதை நடத்தியது என்று அப்போதே பரவலாக எழுதப்பட்டது. ஆண்டுக்கு ஒரு கோடி டாலர். முதல் பருவம் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. ஒரு பருவத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் நியமனம் அறிவிக்கப்பட்ட நாளில் கிடைத்த கவனத்துக்காகவே அவர் அழைக்கப்பட்டார் என்றால், வாங்கிய பொருள் அன்றே கைக்கு வந்துவிட்டது.

ஃபிஷரிடம் சூடுபட்ட ஏ அண்ட் எம், அடுத்த முறை மார்க் ஸ்டூப்ஸை ஏறத்தாழ முடிவுசெய்து, எதிர்ப்புக் கிளம்பியதும் விலகி, இரண்டே நாளில் மைக் எல்கோவை அறிவித்தது. ஃபிஷரின் கீழேயே பணியாற்றிப் போனவர் அவர். ஒப்பந்தம் ஆறு ஆண்டு, 4.2 கோடி டாலர். எல்.எஸ்.யு.வில் உட்வர்ட் 2021இல் பிரையன் கெல்லியைப் பத்தாண்டுக்கு, ஏறத்தாழ 9.5 கோடி டாலருக்கு அமர்த்தியிருந்தார். 2025 அக்டோபர் 26 அன்று கெல்லி நீக்கப்பட்டார், பாக்கி 5.4 கோடி வரை. ஆளுநர் ஜெஃப் லேண்ட்ரி பகிரங்கமாகக் கொதித்தார். ஏ அண்ட் எம் ஒப்பந்தத்தையும் சுட்டிக்காட்டி, அடுத்த பயிற்சியாளரை உட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்றார். அக்டோபர் 30 அன்று உட்வர்ட் பதவியில் இல்லை. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 30 அன்று, எல்.எஸ்.யு. தன் புதிய பயிற்சியாளராக லேன் கிஃபினை அறிவித்தது. தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளை எட்டவிருந்த மிசிசிப்பி அணியைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வந்தார். ஒப்பந்தம் ஏழு ஆண்டு, சுமார் 9.1 கோடி டாலர். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கெல்லிக்குக் கொடுத்ததைவிட ஏறத்தாழ 35 லட்சம் கூடுதல்.